கேந்திப் பூவுக்கு என்ன கோபம்?

ஓணம் நெருங்கினால் குமரி மாவட்டத் தோவாளைப் பூச்சந்தையில் கேந்திப் பூ (செண்டுமல்லி) குவிந்துவிடும். அத்தப்பூக்களத்துக்காகக் கேரளத்துக்கு ஏற்றுவார்கள். நெல்லை, குமரிப் பேச்சில் கேந்தி என்றால் கோபமும்கூட. "சந்தையிலேயே கோபக்காரப் பூ எது?" "கேந்தி!" இந்த மாதிரி விடுகதையைக் கணினி தானாகவே போடுமா?

போடும். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கிம் பின்ஸ்டெட்டும் கிரேம் ரிச்சியும் 1994இல் 'ஜேப்' என்ற நிரலை எழுதினார்கள். அதன் கைவசம் ஓர் அகராதியும் சில கேள்வி அச்சுகளும்தான். ஒரே ஒலியில் இரு பொருள் தரும் சொல்லைத் தேடும். நம் கேந்தி என்றால், ஒரு பொருளிலிருந்து 'பூ', மற்றதிலிருந்து 'கோபம்' என எடுத்துக் கேள்வியாக்கும். அந்தச் சொல்லே விடை. 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் சோதித்தபோது, ஜேப் போட்ட விடுகதைகள் வேடிக்கைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் மனிதர் சொன்னவற்றுக்கே சிரிப்பு கூடுதல். பிறகு இதே வழியில் வந்த 'ஸ்டாண்டப்' என்ற மென்பொருள், பெருமூளை வாதம் போன்றவற்றால் பேச்சு வராத பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டது. அதுவரை அடுத்தவர் வேடிக்கையைக் கேட்க மட்டுமே முடிந்த பிள்ளை, தானே விடுகதை போட்டுப் பிறரை மடக்கலாம். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் வேலை இது.

தமிழுக்கு இது புதுச் சரக்கில்லை. செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என்று அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் அன்றே வகுத்துவிட்டது. கேந்தி முதல் வகை: சொல் உடையாமலே இரு பொருள். இரண்டாம் வகைக்குச் சொல்லை உடைக்க வேண்டும். "வேடனிடம் மான் வேண்டுமென்றால் எந்தப் பூவைச் சொல்ல வேண்டும்?" "தாமரை": தா, மரை. மரை ஒரு வகை மான்.

நமக்கு எளிது, கணினிக்கு இங்கே ஒரு முடிச்சு. யூனிகோடில் 'தாமரை' ஐந்து குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. துணைக்கால் தனி, ஐகாரக் குறி தனி. கண்ட இடத்தில் வெட்டினால் எழுத்தே சிதையும். ஓப்பன்-தமிழ் போன்ற நிரல்தொகுப்புகள் அதைத் தா, ம, ரை என மூன்றெழுத்தாகப் பிரித்துத் தருகின்றன. வெட்ட இரண்டே இடம். இரு துண்டும் அகராதியில் இருந்தால் சிலேடைக்கு வழி உண்டு.

இன்றைய உரையாடும் செயலிகள் இவ்வளவு பாடுபடுவதில்லை. ஆனால் 2023இல் இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள் சாட்ஜிபிடியிடம் 1008 முறை நகைச்சுவை கேட்டபோது, 90 சதவீதத்துக்கு மேல் அதே 25 துணுக்குகளே திரும்பத் திரும்ப வந்தன. புதிது வேண்டுமானால் ஊர்ப்பேச்சு உள்ளே போக வேண்டும். கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குக்கு அகராதி தொகுத்ததுபோல், பூக்கட்டுகிறவர்களின் பேச்சும் பொருள் வாரியாகக் கணினிக்கேற்பப் பதிவாகட்டும். கேந்திக்குப் பூ, கோபம். பிச்சிக்குப் பூ, பித்துப் பிடித்தவள் என்று இரண்டிரண்டு வரி போதும், ஜேப்பின் பழைய முறையே வேலையைத் தொடங்கிவிடும்.