மணல் ஊரில் படம் எடுக்கலாம் வாங்க!



துபாய்னு சொன்னா உங்க மனசுல என்ன வரும்? வானத்தைத் தொடும் கட்டடம், தங்கம், சென்ட் பாட்டில்! நம்ம வகுப்பிலேயே ஏழு பேர் வீட்டில் அப்பாவோ மாமாவோ வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறாங்க. என் அப்பாவும் துபாயில் கம்பி கட்டும் வேலை பார்க்கிறாங்க. வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. அன்னைக்கு எங்கேயாவது போய், போனில் படம் எடுத்து அம்மா போனுக்கு அனுப்புவாங்க. அப்பா சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்து இதை எழுதுகிறேன். துபாய் பாலைவனத்தில் இருக்கும் ஊர். அங்கே நல்ல படம் எடுக்க நிறைய காசு வேண்டாம். எந்த இடம், எந்த நேரம் என்று தெரிந்தால் போதும்.

முதலில் வெயில்

அங்கே ஒரு வருடத்துக்குச் சுமார் 10 செ.மீ. மழைதான் பெய்யும். மேகம் குறைவு, வெயில் அதிகம். உச்சி வெயிலில் படம் எடுத்தால் எல்லாம் வெளுத்துப் போய்விடும். நிழல் காலடியிலேயே கிடப்பதால் மணல்மேட்டின் மேடு பள்ளம் தெரியாது. தட்டில் கொட்டிய மாவு மாதிரி இருக்கும். சூரியன் கீழே இருக்கும்போது நிழல் நீளமாக விழும். அப்போதுதான் காற்று மணலில் போட்ட வரி வரியான கோலம் தெரியும். அதனால் விடிந்து ஒரு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முன் ஒரு மணி நேரமும்தான் நல்ல நேரம்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று அந்த நாட்டில் சட்டமே இருக்கு. "வேலைக்கு ஆகாத வெயில் படத்துக்கும் ஆகாது" என்று அப்பா சொல்வாங்க. மற்ற நாளில் விடியும்போது அப்பா கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாங்க. லீவு நாளில் மட்டும்தான் அந்த வெளிச்சம் அப்பாவுக்குக் கிடைக்கும்.

1. கழியும் படகும்

கடல் ஊருக்குள் ஒரு கை நீட்டியது மாதிரி ஒரு கழி இருக்கு. க்ரீக் என்று சொல்வாங்க. ஒரு கரை தேரா, மறு கரை பர்துபாய். இரண்டுக்கும் நடுவே 'அப்ரா' என்ற மரப்படகு ஓடுகிறது. கட்டணம் ஒரு திர்ஹாம். நம்ம ஊர்க் காசுக்கு இருபது ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. சாயங்காலம் படகில் ஓரமாக உட்கார்ந்தால் தண்ணீரில் விளக்கு வெளிச்சம், பறக்கும் கடற்புறா, சாமான் ஏற்றும் 'தோவ்' மரக்கப்பல் என்று எல்லாம் கிடைக்கும். படகு ஆடும், அதனால் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு எடுக்கணும்.

2. காற்றுக் கோபுர வீடுகள்

கழிக்கரையிலேயே அல் ஃபஹிதி என்ற பழைய தெரு இருக்கு. சுற்றிப் பார்க்க டிக்கெட் கிடையாது. ஈரானிலிருந்து வந்த வியாபாரிகள் பவளக்கல்லில் கட்டிய வீடுகள். பல வீடுகளின் மேலே ஒரு சதுரக் கோபுரம். நாலு பக்கமும் திறந்திருக்கும். எந்தத் திசையில் காற்று அடித்தாலும் கோபுரம் அதைப் பிடித்து, கீழே அறைக்குள் இறக்கிவிடும். கரண்ட் வராத காலத்து ஏ.சி. இதுதான்! சந்து குறுகலாக இருப்பதால் ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல். நிழலில் நின்று மேலே பார்த்து எடுத்தால் கோபுரமும் நீல வானமும் அழகாக வரும். பக்கத்தில் இருக்கும் கோட்டை 1787-ல் கட்டியது.

3. உயரமான கோபுரம்

புர்ஜ் கலீஃபா 828 மீட்டர் உயரம். 2010 ஜனவரி 4 அன்று திறந்தார்கள். மேலே ஏற டிக்கெட் விலை அதிகம். அப்பா ஏறினதே இல்லை. பக்கத்தில் நின்று எடுத்தால் தலை வராது, தலை வந்தால் கால் வராது. ஏரிக்கு எதிர்க்கரையில் நின்றால் கோபுரமும் தண்ணீரில் அதன் நிழலும் சேர்ந்து வரும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சில விடியற்காலையில் ஊரே மூடுபனியில் மூழ்கிவிடும். உயரமான கட்டடங்களின் தலை மட்டும் வெளியே தெரியும். அந்தப் படத்தை எடுக்க உயரத்தில் நிற்கணும். அப்பா வேலை பார்த்த கட்டடத்தின் மாடியிலிருந்து ஒரு முறை அதைக் கண்ணால் பார்த்தாங்க. வேலை இடத்தில் போன் எடுக்கக் கூடாது, அதனால் படம் இல்லை. எங்களுக்குச் சொல்லத்தான் முடிந்தது.

4. பூநாரைகள்

கழி முடியும் இடத்தில் ராஸ் அல் கோர் என்ற சதுப்பு நிலம் இருக்கு. அங்கே அலையாத்தி மரங்கள் நிற்கும். குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான பூநாரைகள் சேற்றில் நின்று இரை தேடும். நம்ம கோடியக்கரைக்கும் பூநாரை வரும் இல்லையா? அதே இனம்தான். பாசியிலும் சின்ன இறாலிலும் இருக்கும் நிறச்சத்துதான் அதன் உடம்பை ரோஸ் கலர் ஆக்குகிறது. முன்னால் பறவை, பின்னால் வானளாவிய கட்டடங்கள் என்று ஒரே படத்தில் இரண்டும் வரும். கிட்டே போக முடியாது, மறைவுக் குடிலிலிருந்துதான் பார்க்கணும். போன் கேமராவில் பறவை எறும்பு மாதிரி தெரிந்தது. அங்கே வந்த ஒருவர் பைனாகுலர் கொடுத்தார். அதன் கண்ணாடியில் போனை ஒட்டி வைத்து அப்பா படம் எடுத்துட்டாங்க!

5. மணல்மேடும் வன்னி மரமும்

ஊருக்கு வெளியே அல் குத்ரா என்ற இடத்தில் பாலைவனத்துக்கு நடுவே ஏரிகளை வெட்டி வைத்திருக்காங்க. அங்கே போக வண்டி வேண்டும். ரூமில் இருப்பவர்கள் காசு போட்டு வேன் பிடிப்பாங்க. அந்தப் பக்கத்து மணல் ஆரஞ்சு நிறம். மணலில் இருக்கும் இரும்பு துருப்பிடித்த நிறம்தான் அது.

மணலில் தனியாகப் பச்சையாக ஒரு மரம் நிற்கும். 'காஃப்' என்பாங்க. அந்த நாட்டின் தேசிய மரம். படத்தைப் பார்த்ததும் என் அப்பாயி "இது நம்ம கோயில் வன்னியாச்சே!" என்றாங்க. நான் நம்பவில்லை. அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். அப்பாயி சொன்னதுதான் சரி! இரண்டும் ஒரே மரம். வேர் ரொம்ப ஆழமாகப் போய்த் தண்ணீர் எடுப்பதால் மழை இல்லாமலும் காயாது. சூரியன் சாயும்போது மரத்துக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்தால் மரம் கறுப்பு உருவமாகத் தெரியும்.

கவனிக்க வேண்டியவை

* ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்சில் ஆவி படியும். கொஞ்ச நேரம் கழித்து எடுக்கணும்.
* மணல் ஒட்டிய லென்சைத் தேய்க்கக் கூடாது, கீறல் விழும். முதலில் ஊதணும்.
* அனுமதி கேட்காமல் மற்றவர்களைப் படம் எடுப்பது அங்கே குற்றம். ராணுவ இடங்களையும் எடுக்கக் கூடாது.

உங்களுக்குத் தெரியுமா?

அரேபிய ஓரிக்ஸ் என்ற வெள்ளை மான் 1972-ல் காட்டில் ஒன்றுகூட இல்லாமல் அழிந்துபோனது. விலங்குக் காட்சி சாலைகளில் மிச்சமிருந்ததை வளர்த்துத் திரும்பவும் பாலைவனத்தில் விட்டார்கள். இப்போது துபாய் மணலிலும் அதைப் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு விஷயம்

அப்பாயிக்குக் கோபுரமும் வேண்டாம், பூநாரையும் வேண்டாம். ஒவ்வொரு படத்தையும் பார்த்துட்டு "இதுல எம்மவன் எங்கடி?" என்று கேட்பாங்க. நான் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 43 படம். ஒன்றில்கூட அப்பா இல்லை. போனில் கேட்டேன். "நானே எடுக்குறேன், நான் எப்படிம்மா வருவேன்? வெயில்ல கருத்து வேற போயிட்டேன்" என்று சிரிச்சாங்க.

நான் விடவில்லை. "மணல்மேடு எவ்வளவு உயரம்னு எங்களுக்குத் தெரியலப்பா. பக்கத்துல ஆள் நின்னாத்தானே அளவு தெரியும்? நீங்க நில்லுங்க" என்றேன். அடுத்த வாரம் ரூமில் இருக்கும் ஒரு அண்ணன் எடுத்த படம் வந்தது. வன்னி மரத்தடியில் அப்பா நிற்கிறாங்க. மரம் பெரிசு, மணல்மேடு அதைவிடப் பெரிசு, அப்பா சின்னதாக இருந்தாங்க. அம்மா ஒன்றும் பேசாமல் விரலால் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அப்பாயி "மெலிஞ்சுட்டான்" என்றாங்க. அப்புறம், "சாமி மரத்துக்குக் கீழதான நிக்கிறான், அது பாத்துக்கும்" என்றாங்க.

தோழர்களே, உங்க வீட்டிலும் யாராவது வெளிநாட்டில் இருந்தால் இந்த இடங்களைச் சொல்லுங்க. படம் அனுப்பச் சொல்லுங்க. அவங்களையும் படத்தில் நிற்கச் சொல்லுங்க. 

– ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி