ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம்

யுத்தம் என்றதும் நம் நினைவுக்கு வருவது 1983க்குப் பிந்திய காலம்தான். ஆனால் திருகோணமலையில் பிறந்த என் போன்றோரின் வீடுகளில் அதற்கும் முந்திய யுத்தமொன்றின் கதை உண்டு. 'ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம்' என்பார் அம்மம்மா. பிள்ளைகளின் வயதைக்கூட அதை வைத்தே கணக்கிடுவார்.

அது 1942. சிங்கப்பூர் பெப்ரவரியிலும் ரங்கூன் மார்ச்சிலும் ஜப்பானிடம் வீழ்ந்தன. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டது. அங்கொடை மனநோய் வைத்தியசாலையிலும் குண்டுகள் விழுந்தன. ஏப்ரல் 9 காலை, விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கியொன்று தீப்பற்றியது.

தாக்குதலை எதிர்பார்த்து முதல் நாளிரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், அன்று முற்பகல் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதில் அப்போது ஒரு விமானமேனும் இருக்கவில்லை. 307 பேர் இறந்தனர். 'வீட்டா' என்ற வைத்தியசாலைக் கப்பல் நூற்றுக்கணக்கானோரைக் கடலிலிருந்து மீட்டது.

இவை புத்தகங்களில் உள்ளவை. அம்மம்மா சொன்னவையோ வேறு. அடுப்பில் வைத்த பானையை அப்படியே விட்டு, கைக்குழந்தையுடன் தம்பலகாமத்து உறவினர் வீட்டுக்கு நடந்ததைச் சொன்னார். இரவில் விளக்கேற்றப் பயந்திருந்ததைச் சொன்னார். பர்மா அரிசி வராமற்போய், பங்கீட்டு அரிசியுடன் மரவள்ளிக் கிழங்கைச் சேர்த்து வீட்டாரின் வயிற்றை நிரப்பியதையும் சொன்னார்.

அந்த யுத்தத்தில் நம்மவரும் சேவை செய்தார்கள். பீரங்கிப் படையிலும் கடற்படைத் தொண்டர் பிரிவிலும் இலங்கை இளைஞர்கள் சேர்ந்தார்கள். பிரித்தானியக் கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்த பெண்கள் கொழும்பில் எதிரியின் வானொலிச் செய்திகளை ஒட்டுக்கேட்கும் பணியில் இருந்தார்கள்.

நிலாவெளி வீதியில் உப்புவெளியிலுள்ள யுத்த மயானத்துக்குச் சென்றால், உயிர்நீத்த படைவீரரின் பெயர்களைக் கற்களில் வாசிக்கலாம். ஆனால் வீட்டையும் பிள்ளைகளையும் காத்த பெண்களுக்குக் கல் இல்லை. அவர்களுடைய அனுபவம் பேச்சில் மட்டுமே தங்கியிருக்கிறது. பேசுபவர் போனால் அதுவும் போய்விடும். அம்மம்மாவோடு எங்கள் வீட்டுக் கதையின் பாதி போய்விட்டது. எந்த வழியாக நடந்தார், யார் கூட வந்தார் என்பதைச் சொல்ல இன்று எவருமில்லை.

அந்த வருஷம் பத்து வயதாயிருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள். சகோதரிகளே, உங்கள் வீட்டில் அல்லது அயலில் அப்படியொருவர் இருந்தால், ஓர் அப்பியாசக் கொப்பியுடன் அவரருகே அமருங்கள். எங்கே ஓடினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், யாரை இழந்தீர்கள் என்று கேளுங்கள். பிற்காலத்து யுத்தத்தைக் கண்ட தாய்மாரிடமும் அவ்வாறே கேளுங்கள். சொன்னபடியே எழுதி, திகதியிட்டு வையுங்கள். நம் பிள்ளைகள் படிக்கும் ஊர் வரலாற்றில் நம் பெண்களும் இருக்க வேண்டுமல்லவா?