துப்பாக்கி மரக்கட்டைக்கு அவலரக்கு மெருகு

அவலரக்கு (ஷெல்லாக்) என்பது கெரியா லாக்கா எனும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினிலிருந்து பெறப்படும் மெருகுப் பொருளாகும். பலாசு, இலந்தை முதலிய மரங்களில் இப்பூச்சி வளர்கிறது. இந்தியாவில் சார்க்கண்டு மாநிலம் அரக்கு உற்பத்தியில் முன்னிலை வகிக்கிறது. அவல் போன்ற தட்டையான செதில்களாகக் கிடைக்கும் இதனை எரிசாராயத்தில் (ஸ்பிரிட்) கரைத்து மரத்தில் பூசுவர்.

துப்பாக்கிகளில் பயன்பாடு

1891 இல் உருசியப் படையில் சேர்க்கப்பட்ட மோசின்-நாகாந்து துப்பாக்கிகள் பல, இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் படைக்கலச் சாலைகளில் பழுதுபார்க்கப்பட்டன. அப்போது அவற்றின் மரக்கட்டைகளுக்கு அவலரக்கு பூசப்பட்டது. இன்று அவற்றில் காணப்படும் செம்மஞ்சள் பளபளப்பு இப்பூச்சினுடையதாகும்.

பழைய அவலரக்கின் குறை

மரத்தில் காய்ந்த பூச்சு எவ்வளவு பழையதாயினும் எரிசாராயத்தில் பெரும்பாலும் கரையும். ஆனால் புட்டியில் கரைசலாக நெடுநாள் இருந்த அவலரக்கு கெட்டுவிடும். அதிலுள்ள அமிலங்கள் எரிசாராயத்துடன் மெல்ல வினைபுரிந்து எசுத்தர்களாக மாறுவதே காரணம். இத்தகைய கரைசலைப் பூசினால் அது இறுகாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும். முழுவதையும் துடைத்தெடுக்க வேண்டிவரும். செதில்களும் வெப்பத்தில் பல ஆண்டுகள் இருந்தால் தமக்குள் பிணைந்து, கரையும் தன்மையை இழக்கும்.

சோதிக்கும் முறை

கரைசலில் ஒரு துளியைக் கண்ணாடியில் மெல்லிதாகத் தடவ வேண்டும். நல்ல கரைசல் சில நிமிடங்களில் தொடுமளவு காயும். மறுநாளும் நகம் பதிந்தால் அதைப் பயன்படுத்தக்கூடாது. செதில்களைச் சிறிதளவு எரிசாராயத்தில் ஓரிரவு ஊறவைத்துப் பார்க்கலாம். கூழ்போல உப்பி அடியில் தங்கினால் அவை பயன்படா.

பூசும் முறை

உலோகப் பாகங்களிலிருந்து மரக்கட்டையைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கை நீக்க வேண்டும். ஒரு லிட்டர் எரிசாராயத்துக்குச் சுமார் 120 கிராம் புதிய செதில்கள் போதும். பல மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்ததைப் பூச வேண்டும். புதிய பூச்சு பழையதைச் சற்றே கரைத்து அதனுடன் ஒன்றாகிவிடும். எனவே பழைய பூச்சு உறுதியாக இருப்பின் அதைச் சுரண்டத் தேவையில்லை. உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் மரத்தில் பதிந்துள்ள படைக்கலச் சாலை முத்திரைகள் அழிந்து, துப்பாக்கியின் வரலாற்றுச் சான்றும் போய்விடும்.

குறைபாடுகள்

அவலரக்கு மெருகு நீர் பட்டால் வெளுக்கும், வெப்பத்தில் இளகும். எரிசாராய ஆவி எளிதில் தீப்பற்றுவதால், நெருப்பில்லாத காற்றோட்டமான இடத்திலேயே பூச வேண்டும்.