உட்கார வைத்துச் சோறு போடும் ஊர்

குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளர் ஆகிறவர்களுக்கு இரண்டு ஆணைகள் வரும். ஒன்று பணி நியமனம். அதை வீடே கொண்டாடும். இன்னொன்று பவானிசாகர். ஈரோடு மாவட்டத்தில் அணையை ஒட்டிய அந்தச் சின்ன ஊரில் அரசு அலுவலர் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே வாரக்கணக்கில் தங்கி அடிப்படைப் பயிற்சியை முடித்தால்தான் தகுதிகாண் பருவம் முடிந்ததாகக் கணக்கு. சங்கராபுரமோ சின்னசேலமோ, எந்தத் தாலுகா ஆபீசில் கேட்டாலும் போய்வந்தவர்கள் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள்.

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இப்போது அந்த ஆணை வந்திருக்கிறது. அவள் அம்மா இஞ்சி தட்டிப் போட்ட டீயோடு வாசலில் உட்கார்ந்திருந்தோம். நான் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் தெருவில் முட்டி வலி, முதுகு வலி எல்லாம் என்னிடம்தான் முதலில் வரும்.

"சார், போயிட்டு வந்த அக்காங்கள்லாம் ஒரு சுத்து பெருத்துட்டாங்களாம். அங்க ஜிம் ஏதாச்சும் இருக்குமா?"

ஜிம் கிடக்கட்டும், முதலில் உன் ஒரு நாளைச் சொல்லு என்றேன். காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரம் குடம் தூக்குகிறாள். வீடு கூட்டுகிறாள். தாலுகா ஆபீசுக்கு நடந்தே போகிறாள். அங்கே பதிவறைக்கும் மேசைக்கும் இடையே பழைய கோப்பு தேடி எத்தனை நடையோ. சாயங்காலம் காய் வாங்க மார்க்கெட். இத்தனையும் சொல்லிவிட்டு, "நான் எக்சர்சைஸ்லாம் ஒண்ணும் பண்றதில்ல சார்" என்றாள்.

விஷயமே அங்கேதான் இருக்கிறது. பயிற்சிக்குப் போகிறவர்கள் அங்கே உடற்பயிற்சி செய்ய நேரம் கிடைக்குமா என்று கவலைப்படுகிறார்கள். ஆனால் அங்கே தொலைந்துபோவது உடற்பயிற்சி இல்லை. பயிற்சி என்று பெயரே வைக்காமல் வீட்டில் செய்துகொண்டிருந்த நூறு சின்ன வேலைகள். விடுதி, வகுப்பறை, சாப்பாட்டுக் கூடம் மூன்றும் ஒரே வளாகத்தில். குடம் தூக்க வேண்டாம், அடுப்படியில் நிற்க வேண்டாம். காலையில் பொங்கல், பதினோரு மணிக்கு டீ பிஸ்கட், மதியம் சாப்பாடு, நாலு மணிக்கு டீயோடு ஏதாவது பலகாரம். உட்கார வைத்துச் சோறு போடுவார்கள் என்பதை நம் ஊரில் பாக்கியமாகச் சொல்வோம். உடம்பு அதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து போகிற பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகம். கல்வராயன் மலையில் பக்கத்து ஊருக்குப் போவதே ஏற்ற இறக்கம்தான். அந்த உடம்பைக் கொண்டுபோய் சமதரையில் நாள் முழுக்க நாற்காலியில் வைத்தால், ஜிம்முக்கே போகாத அந்தப் பையன்தான் எல்லாரையும்விட அதிகம் இழக்கிறான்.

"அப்போ கம்மியா சாப்டா சரியாயிடுமா?"

ஓரளவுக்கு. ஆனால் சாப்பாடு மட்டும் கணக்கில்லை. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவின் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் 1999-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். 16 பேர்; 8 வாரம்; தேவைக்கு மேல் தினமும் 1000 கலோரி கூடுதல் சாப்பாடு. கூடுதல் சாப்பாடு எல்லாருக்கும் ஒரே அளவு. முடிவில் ஒருவருக்குக் கூடிய கொழுப்பு அரைக் கிலோகூட இல்லை. இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல். வித்தியாசத்துக்குக் காரணம் உடற்பயிற்சி இல்லை, சோதனையில் அதைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தார்கள். எழுந்து நடப்பது, நின்று பேசுவது, ஓரிடத்தில் நிலையாக உட்கார மாட்டாமல் அசைந்துகொண்டிருப்பது, இவைதான். பெரியவர்கள் அதட்டி உட்கார வைக்கும் "துறுதுறு" பிள்ளைகள் பிழைத்துக்கொள்கிற கதை இது. பி.டி. வாத்தியாராக எனக்கு அதில் தனி சந்தோஷம்.

இதைவிடப் பழைய ஆதாரம் நமக்கு நன்றாகப் பழகிய ஓர் இடத்திலிருந்து வருகிறது. பஸ். லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் மாடி பஸ்களின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு, 1953-இல் லான்செட் இதழில் எழுதினார். ஒரே நிறுவனம், ஒரே தெருக்கள். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர். நடத்துநர் டிக்கெட் கொடுக்க நாளைக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குபவர். மாரடைப்பு நடத்துநர்களிடம் தெளிவாகக் குறைவாக இருந்தது. சீருடை தைக்கக் கொடுத்த அளவுகளையும் பிறகு எடுத்துப் பார்த்தார், ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு அதிகம். வேலையிலேயே அசைவு இருந்தால் உடம்பு அதைக் கணக்கில் வைக்கிறது என்று உலகம் கவனிக்கத் தொடங்கியது அங்கிருந்துதான். மாரிஸ் 99 வயது வரை இருந்தார் என்பது உபரித் தகவல்.

"சரி சார், கிளாஸ்ல உக்காந்துதானே ஆகணும்? எழுந்து நடந்தா திட்ட மாட்டாங்களா?"

நியாயமான கேள்வி. மாவட்ட அலுவலக நடைமுறை நூலையும் அடிப்படை விதிகளையும் நடந்துகொண்டே படிக்க முடியாது. ஆனால் இரண்டு வகுப்புகளுக்கு இடையே கிடைக்கிற ஐந்து நிமிடத்தைப் பெரும்பாலானவர்கள் எங்கே கழிக்கிறார்கள்? அதே நாற்காலியில், போனைப் பார்த்துக்கொண்டு. சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அதை உள்ளே இழுத்துச் செலவழிக்கும் பெரிய இடம் தொடைச் சதையும் பிட்டச் சதையும். உட்கார்ந்திருக்கும்போது அவை ஏறக்குறைய சும்மா இருக்கின்றன. எழுந்து நடந்தால், இன்சுலினின் உதவிக்காகக் காத்திருக்காமலே சதை சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் 2012-இல் வந்த ஓர் ஆய்வில், 20 நிமிடத்துக்கு ஒருமுறை வெறும் 2 நிமிடம் மெதுவாக நடக்கச் சொன்னார்கள். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023-இல் வந்தது. அதில் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய்; நாட்டின் சராசரி 11.4. ஆகவே இது குண்டாவது ஒல்லியாவது பற்றிய பேச்சு மட்டும் இல்லை.

அதனால் நான் சொன்ன முதல் விஷயம் மதியச் சாப்பாட்டைப் பற்றித்தான். சாப்பிட்டுக் கை கழுவியதும் நேராக அறைக்குப் போய்ப் படுக்காமல், பத்துப் பதினைந்து நிமிடம் வளாகத்துக்குள்ளேயே நிழலில் நட. பிற்பகல் வகுப்பில் கண் சொக்குவதும் குறையும். பெரிய தண்ணீர் பாட்டில் கொண்டுபோகாதே, சின்னதாகக் கொண்டுபோ. தீரும்போதெல்லாம் எழுந்து போய் நிரப்ப வேண்டிவரும். தாள் விநியோகம் செய்ய, வருகைப் பதிவேட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் கேட்டால் கையைத் தூக்கு. கடைசி வரிசையில் உட்கார்ந்தால் யாரையும் மறைக்காமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டும் கேட்கலாம். ஆசிரியரிடம் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

"பத்தாயிரம் ஸ்டெப்ஸ் நடக்கணும்னு போன்ல வருதே?"

அந்தப் பத்தாயிரம் மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருடம், 1965-இல், யமாசா என்ற ஜப்பானியக் கம்பெனி அந்த எண்ணைப் பெயரில் வைத்து அடி எண்ணும் கருவி விற்றது. எண் கவர்ச்சியாக இருந்ததால் நிலைத்துவிட்டது. வயதான பெண்களை வைத்து ஐ-மின் லீ என்ற ஆய்வாளர் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு கணிசமாகக் குறைவு. 7,500-க்கு மேல் போனால் கூடுதல் பலன் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் சேரும் என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். மாடிப்படி ஏறிய இரண்டு நிமிடமும் கணக்கில் உண்டு. போன் காட்டும் எண்ணைப் பார்த்து ராத்திரி பதினோரு மணிக்கு அறைக்குள் வட்டமடிக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் தூங்குவதே மேல்.

இதற்குள் அவள் அம்மா வந்து, "அவ்ளோ தூரம் பஸ்ல எப்டி போவா, அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார். அம்மாக்களுக்கு முக்கியமானது எது என்று தெரியும்.

இங்கிருந்து ஆத்தூர், வாழப்பாடி வழியாக சேலம். அங்கே பஸ் மாறி பவானி, கோபி, சத்தியமங்கலம். சத்தியில் மறுபடி மாறி பவானிசாகர். அரை நாளுக்கு மேல் ஆகும். காலிலிருந்து ரத்தம் மேலே இதயத்துக்குத் திரும்புவதற்குக் கெண்டைக்கால் சதைதான் துணை. நம் தெருவோரக் கைப்பம்பு அடித்தால்தான் தண்ணீர் மேலே வருவதைப் போல, அந்தச் சதை சுருங்கி விரிந்தால்தான் ரத்தம் ஏறும். மணிக்கணக்கில் காலை அசைக்காமல் இருந்தால் தேங்கும், சிலருக்கு உறைந்துவிடும். நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்குப் பிறகு இந்த அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்னது. விமானம் மட்டும் இல்லை, பஸ், ரயில், கார் எல்லாம் அதில் சேர்த்தி. பயப்படுகிற அளவுக்கு இல்லை; ஆரோக்கியமானவர்களில் ஆறாயிரத்தில் ஒருவருக்கு வருகிற மாதிரியான விஷயம். ஆனாலும் உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவதற்குக் காசு கேட்க மாட்டார்கள். பயணத்துக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், எண்ணெய் தேய்த்து நீவிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம் பெண்கள் பஸ் ஏறுவதற்கு முந்தைய நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். காரணம் எல்லாருக்கும் தெரியும். வழியில் இறங்கிப் போக நல்ல கழிப்பிடம் இல்லை. இது அவர்கள் பழக்கத்தின் குறை இல்லை, ஊர்களின் குறை. சேலத்தில் எப்படியும் பஸ் மாற வேண்டும். இறங்கிய கையோடு அடுத்த பஸ்ஸைத் துரத்தாமல், கழிப்பிடம் போய், தண்ணீர் குடித்து, நிலையத்தை ஒரு சுற்று நடந்துவிட்டு ஏறினால் பாதிக் களைப்பு அங்கேயே தீரும்.

பவானிசாகரில் நடக்க இடமா இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. 1955-இல் கட்டி முடித்த மண் அணை, நீளம் மட்டும் எட்டு கிலோமீட்டருக்கு மேல். கீழே பூங்கா இருக்கிறது. மீன் வறுவல் கடைகள் இருக்கின்றன. நடையின் பலனை அங்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வருபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த மீன் அப்படி. ஆனால் ஒன்று. பக்கத்திலேயே சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். அணைப் பக்கம் யானைகள் தண்ணீருக்கு வரும். இருட்டு பிரியாத காலையில், விளக்கு வைத்த பிறகு, ஷூவை மாட்டிக்கொண்டு ரோட்டில் நடக்கக் கிளம்புவது அங்கே வீரம் ஆகாது. அந்த நேரங்களில் வளாகத்துக்குள்ளேயே நட. வெளியே போவதானால் நல்ல வெளிச்சத்தில், நாலு பேராக, உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு.

நாலு பேர் என்றதும் அவள் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தாள்.

"எல்லா மாவட்டத்துலேர்ந்தும் வருவாங்க. எந்த ஊருன்னு கேட்டா கள்ளக்குறிச்சின்னு மட்டும் சொல்லிக்கலாமா சார்?"

2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன பிறகு, கருணாபுரம் என்றால் வெளியூரில் அது ஒன்றுதான் தெரியும். கேட்கிறவர் முகம் மாறும், இல்லாவிட்டால் அடுத்த கேள்வி வரும். சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம் என்றேன். ஒருவேளை சொல்வதாக இருந்தால், சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சொல்வதைவிட நடந்துகொண்டே சொல்வது சுலபம். யார் முகத்தையும் யாரும் பார்க்க வேண்டியதில்லை. அவள் அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நடை ஒரு பக்கம் இருக்க, வாரத்தில் இரண்டு நாளாவது சதைக்குப் பலம் தருகிற வேலை வேண்டும். குடமும் அரிசி மூட்டையும் இத்தனை நாள் அதைச் செய்துவந்தன. விடுதி அறையில் அதற்குக் கருவி ஒன்றும் தேவையில்லை. சுவரில் கை வைத்துத் தள்ளித் தள்ளி எழும் தண்டால், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, தோப்புக்கரணம். பள்ளியில் தண்டனையாகப் போட வைத்து அதன் மானத்தை வாங்கியதே எங்கள் வாத்தியார் கூட்டம்தான். தொடை, இடுப்பு, கணுக்கால் மூன்றையும் ஒரே அசைவில் வேலை வாங்கும் பயிற்சி அது. முட்டி வலி இருப்பவர்கள் பாதி இறங்கினால் போதும். கர்ப்பமாக இருப்பவர்களும், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் போவதற்கு முன் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது; நடை கூடினால் சிலருக்குச் சர்க்கரை இறங்கிவிடும், பையில் இரண்டு மிட்டாய் இருக்க வேண்டும்.

"ஷூ வாங்கணுமா சார், செருப்பே போதுமா?"

வார் வைத்த, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் செருப்பு போதும். ஷூதான் என்றால் இன்றைக்கே வாங்கு. புது ஷூவைப் பெட்டியோடு கொண்டுபோய் அங்கே முதல் நாள் போட்டால் குதிகாலில் கொப்புளம் வந்து, ஒரு வாரத்துக்கு நடைப் பேச்சே இருக்காது. இங்கேயே மார்க்கெட்டுக்கும் ஆபீசுக்கும் நாலு நாள் போட்டுப் பழக்கு. சாயங்காலம் கடைக்குப் போ. நடந்து நடந்து கால் கொஞ்சம் உப்பியிருக்கும்போது அளவு பார்த்தால்தான் பிறகு இறுக்காது.