ஒரு படமும் பல திரையும்

பொங்கல் விழாவில் நான் பட்ட அவமானத்திலிருந்தே தொடங்குகிறேன். சங்கத்தை நிறுவிய பெரியவர்களின் பழைய குரூப் போட்டோவை மேடையில் அகலமாகக் காட்ட வேண்டும் என்றார்கள். புனேயில் புத்வார் பேட்டில் எலெக்ட்ரிக் கடை வைத்திருப்பவன் நான். "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, இரண்டு புரொஜெக்டரும் ஒரு ஸ்பிளிட்டரும் கொண்டு போனேன். பட்டனை அழுத்தினால், அதே போட்டோ பக்கத்துப் பக்கத்தில் இரண்டு! "என்ன நயினாரே, நம்ம பெரியவங்க எல்லாம் ரெட்டைப் பிள்ளைங்களா?" என்று பின்வரிசையில் ஒரு குரல். முன்வரிசையில் ஸ்தாபகர் ஒருவரின் மனைவி, எண்பது தாண்டிய மாமி, எந்தப் படத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் விழித்தார்.

தப்பு கருவியில் இல்லை. ஸ்பிளிட்டர் என்ற பெயர்தான் ஏமாற்றுகிறது. அது படத்தை வெட்டாது. வந்த சிக்னலை நகலெடுத்து ஒவ்வொரு வாய்க்கும் முழுசாகக் கொடுக்கும். எங்கள் சமண மரபில் சமவசரணம் என்பார்கள். தீர்த்தங்கரர் கிழக்கு நோக்கி அமர, மற்ற மூன்று திசையிலும் தேவர்கள் அவர் உருவை அமைப்பார்களாம். எந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கும் அவர் நேர்முகமாகவே தெரிவார். ஸ்பிளிட்டர் செய்வது அந்த மாதிரி வேலை. ஓரத்தில் உட்காருபவர்களுக்கு நல்லது. ஆனால் ஒரு புரொஜெக்டர் பழசாக இருந்தால் பெரும்பாலும் எல்லாப் படமும் அதன் அளவுக்கு இறங்கிவிடும்.

ஒரே காட்சியைத் துண்டாக்கிப் பரப்புவது வேறு வித்தை. 1927 ஏப்ரலில் பாரிஸ் ஆப்பரா அரங்கில் ஆபேல் கான்ஸ் தம் 'நெப்போலியன்' படத்தின் சில பகுதிகளை மூன்று புரொஜெக்டர் வைத்துக் காட்டினார். 1952ல் நியூயார்க்கில் வந்த சினிராமாவும் மூன்று புரொஜெக்டர்தான். அதில் தலைவலி, துண்டுகள் சேருமிடம். படம் விழும் துளையின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற தகட்டை வேகமாக ஆட்டி விளிம்பை மங்கவைத்தார்கள். அப்படியும் கோடு தெரிந்தது.

இன்று அந்தச் சீப்பின் வேலையைக் கணக்கு செய்கிறது. 1920 புள்ளி அகலமுள்ள இரண்டு படங்களை 384 புள்ளி ஒன்றன்மேல் ஒன்று விழவிட்டால் மொத்த அகலம் 3456. இடது புரொஜெக்டருக்கு 1 முதல் 1920 வரை, வலதுக்கு 1537 முதல் 3456 வரை. பொதுவான பட்டையில் இடது வெளிச்சம் மெல்லக் குறைய, வலது மெல்ல ஏற வேண்டும். பாதியும் பாதியும் முழுசுதானே என்று வியாபாரி புத்தியில் போட்டேன். நடுவில் இருட்டுக்கோடு விழுந்தது! சிக்னலைப் பாதியாக்கினால் வெளிச்சம் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் வருகிறது. அதைச் சரிக்கட்டும் வளைவைத்தான் 'காமா' என்கிறார்கள். கருப்பு இன்னும் மோசம். புரொஜெக்டரின் கருப்பிலும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். பொதுப் பட்டையில் கசிவு இரட்டிப்பு. ஆகவே இருட்டுக் காட்சிகளைத் தவிர்த்துவிடுவதே நமக்குச் சுலபம்.

அடுத்த பொங்கலுக்குள் கடை மாடியில் பல ராத்திரி உட்கார்ந்து அந்த வளைவைப் பிடித்தேன். மாமியின் கணவர் போட்டோவில் நட்டநடுவில் இருப்பவர். பட்டை சரியாக அவர் முகத்தில்தான் விழும். விழாவன்று முகம் முழுசாக வந்தது. மாமி எழுந்து திரையருகே போய் நின்றார். அவர் நிழல் பாதிப் படத்தை மறைத்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை.