ராத்திரி மேகம் புயலை என்ன செய்யும்? ஸ்ரீரங்கம் மொட்டை மாடியிலிருந்து ஒரு விளக்கம்

சித்திரை மாதத்தில் ஸ்ரீரங்கத்து மொட்டை மாடியில் பாய் விரித்தவர்களுக்கு இது தெரியும். நட்சத்திரம் தெரிந்தால் விடியற்காலையில் காற்று கொஞ்சம் இதமாகும். மூட்டம் போட்டுவிட்டால் விடிய விடிய புழுக்கம்தான். காவிரி ஒரு பக்கம், கொள்ளிடம் ஒரு பக்கம் இருந்தும் பிரயோஜனமில்லை.

பகலில் தரை வாங்கிய வெயிலை, இரவில் அது அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கே திருப்பி அனுப்புகிறது. நடுவில் மேகம் இருந்தால் அதை உறிஞ்சி, ஒரு பங்கை மறுபடி கீழே அனுப்பிவிடும். வானத்துக்குப் போட்ட ஜமுக்காளம் மாதிரி.

இதே ஜமுக்காளம் வங்கக் கடலில் புயலையும் வளர்க்கிறது. புயலுக்குத் தீனி சூடான கடல்நீர். அது பள்ளிப் பாடம். ஆனால், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் இடிமேகங்கள் ஒரே சுழலாக எப்படிச் சேருகின்றன? மேகக்கூட்டத்துக்குள் வெப்பம் சிக்கிக்கொள்கிறது. சுற்றியுள்ள தெளிந்த வானம் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கிறது. இந்த வித்தியாசம், மேகக்கூட்டத்துக்குள் காற்று மேலெழுவதைத் தூண்டி, ஈரக்காற்றை நடுப்பக்கம் இழுக்கிறது. ஹையான் (2013), மரியா (2017) புயல்களைக் கணினியில் மறுபடி ஓட்டிப் பார்த்த 2020-ஆம் ஆண்டு ஆய்வில், மேகத்தின் இந்த வேலையை நிறுத்தியபோது புயல் உருவாவதே வெகுவாகத் தாமதமானது.

மேகத்தின் உச்சியில் கதை வேறு. பகலில் வெயில் அதைக் கொஞ்சம் சூடேற்றும். இரவில் வெப்பம் வெளியேறுவது மட்டும்தான். உச்சி குளிர, அடியில் கடல் சூடாகவே இருக்க, மேகம் கிடுகிடுவென்று மேலே வளரும். அதனால்தான் கடல்மேல் மழை பெரும்பாலும் விடியலுக்கு முன் உச்சம் தொடுகிறது. தரையில் தலைகீழ். திருச்சியில் மதிய வெயிலில் நிலம் கொதித்து, சாயங்காலம் இடி இடிக்கும். அக்டோபரில் நாகப்பட்டினத்துக்காரர் மழைச் சத்தத்தில் எழுந்திருப்பார். திருச்சிக்காரர் ஆபீஸ் விட்டு வரும்போது நனைவார்.

இந்தக் கதிர்வீச்சுக் கணக்கை அளக்கவே இந்தியாவும் பிரான்ஸும் சேர்ந்து 2011 அக்டோபர் 12 அன்று 'மேகா-ட்ராபிக்ஸ்' செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பின. மூன்று ஆண்டுக்கென்று போனது, பத்தாண்டுக்கும் மேல் தகவல் தந்தது. 2023 மார்ச்சில் பசிபிக் பெருங்கடலுக்கு மேல் எரித்து இறக்கப்பட்டது.

சரி, இதனால் நமக்கு என்ன? 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினம் - வேதாரண்யம் இடையே கரையேறிய 'கஜா'வை நினைத்துப் பாருங்கள். தஞ்சை, புதுக்கோட்டை வழியாக அது திண்டுக்கல் பக்கம் போனபோது திருச்சி மாவட்டத்திலும் மரங்கள் சாய்ந்தன. அது இரவில் வந்தது அதன் வேகத்தையும் பாதையையும் பொறுத்தது. அதற்கு மேகத்தைக் குறை சொல்ல முடியாது.

குழப்பம் வேறு இடத்தில். ராத்திரி இரண்டு மணிக்கு இன்சாட் படத்தில் மேகம் சிவப்பாகப் பொங்கும். உச்சி மைனஸ் 70 டிகிரிக்கும் கீழே போயிருக்கும். உடனே வாட்ஸ்அப்பில் 'அசுரப் புயல்'. மறுநாள் மதியம் அதே மேகம் சுருங்கியதும் 'புயல் புஸ்' மீம். இரண்டுமே அவசரம். அந்த விரிவும் சுருக்கமும் பல நேரம் மேகத்தின் அன்றாட மூச்சு மட்டுமே. புயலின் பலம் மைய அழுத்தத்திலும் காற்றின் வேகத்திலும் இருக்கிறது. வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் இரண்டும் இருக்கும். மதியம் மேகம் மெலிந்ததைப் பார்த்துவிட்டு, கட்டிவைத்த கூரைத் தகரத்தை அவிழ்த்துவிட வேண்டாம்.