புகைக்குழாயைத் தாண்டிய பெட்ரோல்

காலை நிகழ்ச்சியில் எந்தச் சாலையில் நெரிசல் என்று சொல்வது என் அன்றாட வேலை. நெரிசல் என்றதும் நம் கோபமெல்லாம் புகைக்குழாய் மீதுதான். ஆனால், எஞ்சினை எட்டாமலே ஆவியாகிப் போகும் பெட்ரோலும் உண்டு. எண்ணெய்த் தொட்டி மூடியின் தேய்ந்த ரப்பர் வளையம், விரிசல் விட்ட குழாய், தொட்டியில் எழும் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டியின் பழுது எனப் பல வழிகளில் அது கசிகிறது.

ஓடும் காரில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் டொனால்ட் ஸ்டெட்மேன் குழுவினர் 1980களின் இறுதியில் ஒரு கருவியை உருவாக்கினார்கள். சாலையின் குறுக்கே அகச்சிவப்புக் கதிர் பாயும். கார் கடந்த அரை விநாடிக்குள் அது விட்டுச்சென்ற வாயுக்களை அளந்துவிடலாம். யாரும் காரை நிறுத்த வேண்டியதில்லை.

புகைக்குழாயிலிருந்து வரும் எரியாத ஹைட்ரோகார்பனும் கரியமில வாயுவும் சேர்ந்தே வருவதால், இரண்டும் ஒரே விகிதத்தில் கூடிக் குறையும். ஹைட்ரோகார்பன் மட்டும் தன்போக்கில் ஏறி இறங்கினால், வேறெங்கோ கசிவு என்று சந்தேகிக்கலாம். 2008 கோடையில் டென்வரில் நடந்த ஆய்வில், இப்படிச் சிக்கிய கார்களை மூடிய கூடாரத்துக்குள் வைத்து மறுபடி சோதித்தார்கள். காற்று வீசினால் அளவு மாறும், சிறு கசிவு தப்பிவிடும். ஆகவே, ஒரு முறை எடுத்த அளவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஹாங்காங்கில் 2014 முதல் சாலையோரக் கருவிகள் பெட்ரோல், எரிவாயு வாகனங்களின் புகையைக் கண்காணிக்கின்றன. வரம்பு மீறும் வாகனம் சோதனைக்குப் போயாக வேண்டும்.

இங்கே நமக்கு ஆண்டு முழுக்க வெயில். சூடு ஏற ஏறத் தொட்டியில் ஆவியும் பெருகும். அதிலுள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. ஆவி வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து, மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் ஓசோனாகவும் மாறுகிறது.

நம்மால் செய்யக்கூடியது எளிது. எண்ணெய் நிலையத்தில் குழாய் தானாக நின்றபின் மேலும் நிரப்பாதீர்கள். வழியும் பெட்ரோல் கரிப்பெட்டியைக் கெடுக்கும். மூடியை இறுக்கமாகத் திருகுங்கள். நிறுத்திய காரில் பெட்ரோல் வாடை வந்தால் உடனே பட்டறைக்குக் கொண்டுபோங்கள். தீ அபாயமும் உண்டு. வீட்டு வாசலில் நிற்கும் அந்தக் காருக்குப் பக்கத்தில்தான் நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.